திரைமுன் களைப்பு

நுழையும்முன்

தொலைவில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசுதல் ஒரு காலத்தில் கற்பனைக் கதைகளில் மட்டுமே இயன்றது. இன்று அது நம் கைக்குள் வந்துவிட்டது. எனினும், நண்பருடன் நேரில் பொழுதெல்லாம் பேசினாலும் வராத சோர்வு, திரைமுன் ஒரு மணி நேரம் அமர்ந்தவுடன் வந்துவிடுகிறது. அதன் காரணத்தை ஆராய்கிறது இவ்வுரைநடைப் பகுதி.

உட்கார்ந்தே களைத்தவர்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அலுவலகக் கூட்டமும் நேர்காணலும் பள்ளி வகுப்பும் திரைக்குள் புகுந்தன. 2019 டிசம்பரில் ஜூம் செயலியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடியாக இருந்த பங்கேற்பு, 2020 மார்ச்சில் 20 கோடியைக் கடந்தது. உங்களில் பலர் அப்போது சிறுவர்கள். வீட்டிலிருந்த ஒரே திறன்பேசியை அண்ணனோடோ அக்காவோடோ பங்கிட்டுப் பாடம் கேட்டது நினைவிருக்கலாம்.

சில வாரங்களிலேயே உலகெங்கும் ஒரே முறையீடு எழுந்தது. நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழாதவர்கள், நாள் முழுவதும் உழைத்தவர்களைப்போல் சோர்ந்து கிடந்தனர். சோம்பல் என்றனர் சிலர். கண்ணின் குறை என்றனர் வேறு சிலர். கண்ணுக்கும் இதில் பங்குண்டு. திரையை உற்று நோக்கும்போது இமைப்பது குறைகிறது, விழி உலர்கிறது. ஆனால், முதன்மையான காரணம் அதுவன்று.

மிக அருகில் நிற்கும் முகம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரிமி பெயிலன்சன் 2021ஆம் ஆண்டில் இச்சோர்வின் காரணங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் பேசும்போது ஒருவர் கரும்பலகையைப் பார்ப்பார். ஒருவர் குறிப்பேட்டில் குனிந்திருப்பார். சன்னல்வழியே வேப்பமரத்தைப் பார்ப்பவரும் உண்டு. திரையிலோ அத்தனை முகங்களும் எந்நேரமும் நம்மையே பார்ப்பதுபோல் தோன்றுகின்றன. பேசாதவரும் பார்க்கப்படுகிறார். மேலும், மடிக்கணினித் திரையை நிறைக்கும் ஒரு முகம், நம்மிடமிருந்து ஒரு முழத் தொலைவில் நிற்பவரின் முகத்தளவு பெரிதாகத் தெரிகிறது. தாயும் குழந்தையும்போல் மிக நெருங்கியவர்க்கே உரிய தொலைவு அது. அயலார் அவ்வளவு அருகில் வந்து கண்கொட்டாமல் பார்த்தால் உடல் தன்னையறியாமல் விழிப்புக் கொள்ளும். அவ்விழிப்பு மணிக்கணக்கில் நீடித்தால் களைப்பாகிறது.

இன்னொன்று, திரையின் மூலையில் தெரியும் நம் முகம். கண்ணாடி ஏந்திய ஒருவர் நாள் முழுவதும் நம் பின்னாலேயே வந்தால் எப்படியிருக்கும்? தலைமுடி கலைந்ததா, பின்னாலுள்ள சுவரின் காரை பெயர்ந்தது தெரிகிறதா என்று மனத்தின் ஒரு பகுதி காவல் காத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டத்தை விட்டு விலகாமல் இருக்க உடலும் அசையாது இறுகிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்
அமெரிக்காவின் ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம், முகம் காட்டும் தொலைபேசியை 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் மக்களுக்குக் காட்டியது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் வணிக அளவில் தொடங்கிய அச்சேவை நிலைக்கவில்லை. கட்டணம் மிகுதி, பேசும்போதெல்லாம் பிறர் தம்மைக் காண்பதைப் பலர் விரும்பவுமில்லை.

தாமதித்து வரும் குரல்

மனத்தின் உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று வகுத்து, அதற்கெனத் தனி இயலே அமைத்தது தொல்காப்பியம். நேர்ப்பேச்சில் தலையசைப்பும் தோள்குலுக்கலும் கைவீச்சும் நம் முயற்சியின்றியே பொருள் உணர்த்துகின்றன. திரையில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே, புரிந்தது என்பதைக் காட்ட அளவுக்கு மீறித் தலையாட்டுகிறோம், குரலை உயர்த்துகிறோம்.

இவற்றினும் நுட்பமானது காலத்தாழ்வு. ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட ஆய்வு கண்டது. இணைப்பின் தாமதம் இந்தத் தாளத்தைக் குலைக்கிறது. இருவரும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக நிறுத்தி, 'நீங்கள் சொல்லுங்கள்' என்று விட்டுக்கொடுக்கிறார்கள். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. குரல் 1.2 நொடி தாமதித்தபோது, கேட்டவர்கள் இணைப்பைக் குறைகூறவில்லை. எதிர்முனையில் இருப்பவரைக் கவனமற்றவர், நட்புணர்வு குன்றியவர் என்று மதிப்பிட்டனர். சிற்றூரில் அலைவரிசை கிடைக்காமல் மொட்டைமாடியில் நின்று விடை சொன்ன மாணவர் எத்தனை பேர் 'பாடத்தைக் கவனிக்காதவர்' எனப் பெயர் வாங்கினரோ!

களைப்பைக் குறைக்கும் வழி

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். செயலியின் சாளரத்தைச் சிறிதாக்கினால் முகங்கள் தொலைவுக்குச் செல்லும். தன் முகத்தைத் தன் திரையில் மட்டும் மறைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. மற்றவர்க்கு நாம் தெரிவோம், நமக்கு நாம் தெரியமாட்டோம். திறன்பேசியைக் கையில் பிடிக்காமல் நான்கு புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைத்து, சற்றுப் பின்தள்ளி அமரலாம். 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடித் தொலைவிலுள்ள பொருளை 20 நொடிகள் நோக்கினால் கண்ணின் இறுக்கம் தளரும்.

கூட்டத்தை நடத்துபவர் கையில்தான் பெரும்பகுதி இருக்கிறது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் 103 பணியாளர்களை நான்கு வாரம் ஆராய்ந்தபோது, ஒளிப்படக்கருவியை இயக்கிய நாள்களில் களைப்பு மிகுந்தது. களைத்தவர்களின் ஈடுபாடும் கருத்துரைக்கும் ஆர்வமும் குறைந்தன. பெண்களையும் பணிக்குப் புதியவர்களையும் அது கூடுதலாகத் தாக்கியது. முகம் காட்டாதவர் பாடம் கேட்பதில்லை என்ற பொதுக்கருத்தை இவ்வாய்வு ஐயுற வைக்கிறது.

நேரத்திற்கும் எல்லை வேண்டும். 2020 சூலையில் நடுவண் அரசின் கல்வித்துறை வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டு நெறிகள், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட நான்கு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றன. அடுத்தடுத்த அமர்வுகளுக்கிடையே எழுந்து நடக்கப் பத்து நிமிடமாவது விடவேண்டும். குரல் மட்டும் போதுமான இடத்தில் பழைய தொலைபேசி அழைப்பே சிறந்தது: தரவுச் செலவு இல்லை, முற்றத்தில் உலவிக்கொண்டே பேசலாம்.