நெஞ்சுத் தழும்பு நோய்: எதை முதலில் ஆராய வேண்டும்?



சில வருசத்துக்கு முன் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். மலையில் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். "ஐயா, சளிச் சோதனையில ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் எனக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். "வயசாகிப் போச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வருசம் அவரால் லயத்துப் படியே ஏற முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் முழுக்கத் தழும்பு. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே" என்றார் வைத்தியர். அவர் முந்தித்தான் வந்தார். நான்தான் அவர் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

தழும்பு என்றால் என்ன?

கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் காயம் ஆறி, அந்த இடம் தடித்துப் போகும். கையில் அது பெரிய குறையில்லை. நம் நுரையீரலுக்குள்ளே சுமார் 30 கோடி சிறு காற்றுப்பைகள் உண்டு. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அதன் வழியாகத்தான் நாம் இழுக்கும் காற்றிலுள்ள ஒட்சிசன் இரத்தத்தில் சேருகிறது. அந்தச் சுவர் தழும்பாகித் தடித்தால் காற்றை இழுத்தும் பயன் குறைவு. இதற்கு வைத்தியர்கள் சொல்லும் பெயர் பைப்ரோசிஸ்.

அடையாளம் என்ன? சளி இல்லாத வறட்டு இருமல், மேடு ஏறினால் மூச்சு வாங்குதல், சிலருக்கு விரல் நுனி உருண்டு நகம் வளைதல்.

காரணம் பல. கல் உடைக்கும் தூசி, அஸ்பெஸ்டஸ் தூசி, புறா போன்ற பறவைகளின் எச்சம், பூஞ்சணம், சில மூட்டுவாத நோய்கள். காசநோயும் தழும்பை விட்டுப் போகலாம். பலருக்குக் காரணமே அகப்படுவதில்லை. தழும்பு நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. காசநோய் இல்லை என்று தெரிந்த பின் அவருடைய தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைப்பது பாவம்.

மருந்து உண்டா?

2014ஆம் ஆண்டு பிர்பெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவை நோய் கூடும் வேகத்தைக் குறைக்கும்; விழுந்த தழும்பை அழிக்காது. ஆகவே இன்னும் ஆராய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் காசுக்கும் காலத்துக்கும் அளவு உண்டு. எதை முதலில் ஆராய்வது? அதை யார் சொல்வது?

நோயாளிக்கும் ஒரு நாற்காலி

1747இல் ஜேம்ஸ் லின்ட் என்ற கப்பல் வைத்தியர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேறு வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இருவர் சீக்கிரம் தேறினார்கள். அவர் பெயரில் 2004இல் இங்கிலாந்தில் ஒரு அமைப்பு தொடங்கியது. நோயாளி, அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார், வைத்தியர் எல்லாரும் ஒரே மேசையில் சமமாக உட்கார்ந்து, முதலில் ஆராய வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்துவதே அதன் முறை. கூடிக்கொண்டு போகும் நுரையீரல் தழும்பு நோய்க்கும் இப்படியே வரிசை போட்டார்கள்.

இந்த நோயாளிகள் பெரும்பாலும் கேட்பவை: தழும்பை நிறுத்தவோ மாற்றவோ முடியுமா? இன்னும் முந்திக் கண்டுபிடிக்க வழி என்ன? இந்த இருமலை அடக்க மருந்து உண்டா? ராத்திரி முழுக்க இருமி விடிகிறவருக்குத்தான் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும்.

நம் கேள்விகள்

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. நெஞ்சு நோய் வைத்தியர் சி. ஜி. உறகொட, தேயிலைத் தொழிலில் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலேயே பிரித்தானிய வைத்திய இதழ் ஒன்றில் எழுதினார். ஆஸ்துமா வேறு, தழும்பு நோய் வேறு. ஆனாலும் தொழிலாளியின் மூச்சைக் கவனித்ததால்தான் அந்த விசயம் உலகத்துக்குத் தெரிந்தது.

நமக்கும் கேள்விகள் உண்டு. காசநோய் சுகமான பிறகும் சிலருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? புகைபோக்கி இல்லாத காம்பராவில் விறகடுப்பு ஊதும் தாய்மாருக்கு நாளடைவில் என்ன ஆகும்? வாய் திறந்து சொன்னால்தான் இவை ஆராய்கிறவர்கள் காதுக்குப் போகும்.

நாம் செய்ய வேண்டியது

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிச் சோதனை செய்யுங்கள். காசநோய்க்கு அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவச மருந்து உண்டு.

2. சோதனையில் ஒன்றுமில்லை என்றாலும், இருமலும் மூச்சு வாங்கலும் நிற்காவிட்டால் மறுபடி போங்கள். "முதுகுப் பக்கம் வச்சுக் கேட்டுப் பாருங்க ஐயா" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

3. செய்த வேலை எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்: பேக்டரி, றோட்டு வேலை, கல் உடைப்பு, மருந்தடிப்பு. வீட்டு அடுப்பையும், வளர்க்கும் கோழி, புறாவையும் விட்டுவிடாதீர்கள்.

4. பீடி, சுருட்டு, சிகரட்டை விடுங்கள்.

அந்தப் பெரியவர் இன்று நம்மோடு இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அதே கேள்வியைக் கேட்டால், வயசாகிப் போச்சு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.