தாற்றுக்கோலும் கழுத்துப்பட்டையும்

நுழையும்முன்

மனிதரோடு முதன்முதலில் சேர்ந்து வாழத் தொடங்கிய விலங்கு நாய். வேட்டைக்கும் காவலுக்கும் துணைநின்ற அவ்விலங்கைப் பழக்குவதற்கு மின்அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. வலியைக் கொண்டு ஓர் உயிரைப் பழக்குவது முறைதானா? முறையோ அல்லவோ, அதனால் பயனாவது உண்டா? இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

நாஞ்சில் என்பது கலப்பையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் வயல்பரப்பு நாஞ்சில் நாடு எனப் பெயர்பெற்றதற்கு உழவின் சிறப்பையே காரணமாகக் கூறுவர். உழவு இயந்திரங்கள் வருவதற்கு முன் அவ்வயல்களில் இறங்கிய உழவரின் ஒரு கை மேழியைப் பற்றியிருக்கும்; மறு கையில் மாட்டை ஓட்டும் கோல் இருக்கும். அக்கோலின் நுனியில் கூரிய இரும்பு முள் பதித்திருந்தால் அது தாற்றுக்கோல். பேச்சுவழக்கில் தார்க்குச்சி. நின்றுவிட்ட மாட்டை நடக்கச் செய்ய அதன் தொடையில் ஒரு குத்துப் போதும். குத்திய இடத்தில் புண் வரும். புண்ணில் ஈ மொய்க்கும். மறுநாளும் அதே இடத்தில் குத்து விழும்.

இக்கொடுமையைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விடவில்லை. 1965ஆம் ஆண்டு நடுவண் அரசு வகுத்த இழுவை, பொதி விலங்குகள் வதைத்தடுப்பு விதிகள், முள் பதித்த கோலையும் முள்ளோ முடிச்சோ உடைய கடிவாளம், நுகத்தடி ஆகியவற்றையும் பயன்படுத்தக் கூடாது எனத் தடுத்தன. காயமோ வீக்கமோ கடும் வலியோ உண்டாக்கக்கூடிய கூரிய கருவி எதுவாயினும் அது தடைக்குள் அடங்கும். மாட்டுக்குப் புரியும்படி சொல்ல வேறு வழிகள் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட விதி அது. நல்ல உழவர்களுக்கு அது முன்பே தெரியும். குரலுக்குத் திரும்பும் மாடுகளை வைத்திருப்பதே அவர்களுக்குப் பெருமை.

தாற்றுக்கோல் வயலைவிட்டு மறைந்துவிட்டது. அதன் வேலையைச் செய்யும் வேறொரு கருவியோ இணையவழி விற்பனையில் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. அதுவே நாய்களுக்கான மின்அதிர்ச்சிக் கழுத்துப்பட்டை.

இதன் அமைப்பு எளியது. பட்டையில் மின்கலத்தோடு கூடிய சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து நீளும் இரண்டு உலோக முனைகள் நாயின் கழுத்துத் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். உரிமையாளர் கையிலுள்ள கருவியில் பொத்தானை அழுத்தினால், அம்முனைகளின் வழியே மின்துடிப்பு பாயும். அதன் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். நாய் குரைத்தால் தானே அதிர்ச்சி தரும் வகையும் உண்டு. மண்ணில் புதைத்த கம்பியை நாய் நெருங்கினால் அதிர்ச்சி தரும் வகையும் உண்டு. பட்டையை நெடுநேரம் இறுக்கமாகக் கட்டியிருந்தால் முனைகள் அழுத்தும் இடத்தில் புண் உண்டாகும். அது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. தெரியாத தீங்குகளே பெரியவை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பூதப்பாண்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒருவர் இராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்கி வளர்க்கிறார். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட தமிழ்நாட்டு இனங்கள். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. ஓடுவதைக் கண்டால் துரத்துவது இவற்றின் இரத்தத்தில் ஊறிய இயல்பு. குட்டி வளர்ந்ததும் பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்துகிறது. இரண்டைக் கொன்றும் விடுகிறது. பக்கத்து வீட்டார் முதலில் முறையிடுகின்றனர். அடுத்த முறை நஞ்சு வைத்துவிடுவோம் என்கின்றனர். இது வெறும் அச்சுறுத்தல் அன்று. கோழியையும் ஆட்டையும் கடித்த நாய்கள் அவ்வாறே செத்திருக்கின்றன.

உரிமையாளர் மின்பட்டையை வாங்குகிறார். அவரைக் கொடியவர் எனச் சொல்லிவிட முடியாது. நாய் செத்துப்போவதைவிட நான்கைந்து முறை வலியை உணர்வது மேல் அல்லவா என்று அவர் கேட்கிறார். மின்பட்டையை ஆதரிப்போர் உலகெங்கும் முன்வைக்கும் வாதங்களுள் வலுவானது இதுவே. ஆகவே இதற்குத்தான் விடை காண வேண்டும். பொழுதுபோக்காக நாயைத் துன்புறுத்துவோரைப் பற்றிப் பேசி இதைத் தட்டிக்கழித்தல் ஆகாது.

முதலில், நாய் என்ன கற்றுக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கோழியைத் துரத்தும் நொடியில் அவர் பொத்தானை அழுத்துகிறார். ‘கோழியைத் துரத்தியதால் வலித்தது’ என்று நாய் எண்ண வேண்டும் என்பது அவர் விருப்பம். நாய்க்கோ மொழியில்லை. வலித்த நொடியில் தான் எதைக் கண்டதோ, எதைக் கேட்டதோ அதனோடு வலியைச் சேர்த்துக்கொள்ளும். அந்நொடியில் வேலியோரம் பக்கத்து வீட்டுக் குழந்தை நின்றிருந்தால், குழந்தையே வலிக்குக் காரணம் என்று நாய் கருதக்கூடும். கோழியை விட்டுவிட்டுக் குழந்தைகளைக் கண்டு சீறத் தொடங்கிய பின்னும், இது ஏன் நேர்ந்தது என்பது உரிமையாளருக்கு விளங்காது. உறுமலுக்கே அதிர்ச்சி கொடுத்துப் பழக்கிய நாய் இன்னும் ஆபத்தானது. உறுமல் என்பது ‘விலகிப் போ’ என்னும் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடக்கிவிட்டால் அச்சம் அடங்கிவிடுவதில்லை. அந்நாய் ஒருநாள் உறுமாமலேயே கடிக்கும்.

வலி எங்கிருந்து வருகிறது, எப்படித் தப்புவது என்பது விளங்காதபோது நிலைமை இன்னும் மோசமாகும். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மையர் ஆகிய உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். சில நாய்களுக்குத் தப்பவே முடியாத வகையில் மின்அதிர்ச்சி தரப்பட்டது. பின்னர் அவற்றைத் தாழ்ந்த தடுப்பு வைத்த பெட்டியில் விட்டனர். ஒரே தாவலில் மறுபக்கம் சென்று தப்பலாம். முன்பு அதிர்ச்சியை அறியாத நாய்கள் தாவின. தப்ப முடியாமல் துன்புற்ற நாய்களுள் பெரும்பாலானவையோ தாவவில்லை. படுத்து முனகியபடியே வலியை ஏற்றுக்கொண்டன. ‘எது செய்தும் பயனில்லை’ என்று அவை கற்றுவிட்டிருந்தன. தமிழிலக்கியத்தில் தலைவனை இழந்தோர் செயலற்று வருந்துவதைப் பாடும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். அந்நாய்களின் நிலையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. இச்சோதனையே இரக்கமற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் அது காட்டிய உண்மை மனிதரின் மனச்சோர்வை ஆராய்வோருக்கும் பயன்பட்டது. மின்பட்டை அணிந்த நாய் ‘அமைதியாகிவிட்டது’ என்று உரிமையாளர் மகிழும்போது, அது பண்பட்ட அமைதியா, கையற்ற அமைதியா என்று கேட்க இடமுண்டு.

2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்காக நெதர்லாந்தில் காவல் பயிற்சி பெறும் நாய்களை ஆய்வாளர் உற்றுநோக்கினர். மின்அதிர்ச்சியால் பழக்கப்பட்டவை பயிற்சித் திடலில் மட்டுமன்றி, வெளியே பூங்காவில் உலவும்போதும் மற்ற நாய்களைவிட மிகுதியான பதற்றத்தைக் காட்டின. உரிமையாளர் அருகில் இருப்பதையே அவை வலியின் முன்னறிவிப்பாகக் கொண்டிருந்தன என்பது ஆய்வாளர் கருத்து. சோறு வைக்கும் கையே அச்சம் தரும் கையாகவும் ஆகிவிட்டது.

இனி, பூதப்பாண்டிக்காரரின் வாதத்துக்கு நேரடியாகவே விடை தரும் ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு அதை வெளியிட்டனர். அழைத்தால் வராத நாய்கள், ஆடுகளைத் துரத்தும் நாய்கள் என 63 வளர்ப்பு நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவை மின்பட்டையால் அதில் தேர்ந்த பயிற்சியாளர் பழக்கினர். அதே பயிற்சியாளர் மற்றொரு குழுவை மின்பட்டை இல்லாமல் பழக்கினர். மூன்றாவது குழுவை, பரிசு தந்து பழக்குவோர் பழக்கினர். நாய்களின் நடத்தை மூன்று குழுக்களிலுமே திருந்தியது. மின்பட்டையால் கூடுதல் பயன் எதுவும் விளைந்ததாகத் தெரியவில்லை. பதற்றத்தின் அடையாளங்கள் மட்டும் மின்பட்டைக் குழுவில் கூடுதலாக இருந்தன. ஆகவே, ‘சாவா, மின்அதிர்ச்சியா’ என்று அவர் எதிரே நிற்பதாக எண்ணிய இரு வழிகளுக்கு அப்பால் மூன்றாவது வழியும் இருக்கிறது. அவ்வழி இருக்கும்போது கொடுக்கும் வலி, தேவையற்ற வலியே ஆகும்.

‘தேவையற்ற வலி’ என்னும் தொடருக்குச் சட்டத்தில் இடமுண்டு. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, விலங்குவதையைத் தடுக்கத் தனிநபர் சட்டமுன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அரசே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962இல் அமைக்கப்பட்ட விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையிடம் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்குக்குத் தேவையற்ற வலியோ துன்பமோ விளையும்படி நடத்துவதைக் குற்றமாக்குகிறது. மின்பட்டை என்னும் பெயர் அச்சட்டத்தில் இல்லை. 1960இல் இருக்கவும் வாய்ப்பில்லை. முதன்முறை குற்றத்துக்கு அது விதிக்கும் தண்டமோ பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. இன்று நாகர்கோவிலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அத்தொகை போதாது. வேல்ஸ் 2010ஆம் ஆண்டு இப்பட்டையைப் பெயர் சுட்டியே தடைசெய்தது. ஜெர்மனியில் இதைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்று அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது.

தமிழ் மண்ணில் நாயின் துணைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்கு அருகே அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்வரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்துநின்ற செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி மக்கள் நாயைப் ‘பட்டி’ என்பர். பிற மாவட்டத்தாருக்கு அச்சொல் ஆட்டுத்தொழுவத்தை நினைவூட்டும். காவல்செய்யும் இடத்தின் பெயரே காவலுக்கும் ஆகிவந்ததோ என்னவோ. சொல்லாராய்ச்சியாளர் முடிவு செய்யட்டும்.

மூன்றாவது வழி எத்தகையது? அதற்கு வேண்டுவன பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கயிறும், நாய்க்குப் பிடித்த தீனியும், பொறுமையும். குமரிக் கடற்கரையில் தீனிக்குப் பஞ்சமில்லை. உப்பிடாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன் துண்டு போதும். முதலில் ஆளரவமற்ற முற்றத்தில் நாயைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். திரும்பிப் பார்த்த உடனே, பின்னர் அன்று, அந்த நொடியிலேயே தீனி கொடுக்க வேண்டும். பிழையில்லாமல் வரத் தொடங்கிய பின்னரே கோழிகள் தெரியும் தொலைவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கோழியைப் பார்த்துவிட்டு உரிமையாளரைத் திரும்பிப் பார்த்தால் பெரிய துண்டு. கயிறு இழுத்துத் தண்டிப்பதற்கு அன்று. பாய்ந்துவிடாமல் தடுத்து நிறுத்துவதற்கு மட்டுமே. இடைவெளியை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நாய் தடுமாறினால் பழைய தொலைவுக்கே திரும்ப வேண்டும். வாரங்கள் பல ஆகும். அதுவரை கோழிகளைக் காப்பது வேலியின் பொறுப்பு. வேலி கட்டுவது நாயின் உரிமையாளர் பொறுப்பு. வேட்டை நாய்க்கு நாள்தோறும் ஓட இடமும் வேண்டும். முற்றத்துச் சங்கிலியிலேயே பகல் முழுதும் கிடந்த நாய், அவிழ்த்துவிட்ட நேரத்தில் கோழியைத் துரத்தினால் பிழை நாயினுடையது மட்டுமன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மாடு, ஆடு, நாய் ஆகியவற்றைப் பழக்குவோரைக் கண்டு உரையாடி, அவர்கள் பயன்படுத்தும் குரல் குறிப்புகளையும் சொற்களையும் தொகுக்க.

2. ‘நாய் சாவதைவிட அதற்கு வலிப்பது மேல்’ என்னும் உரிமையாளரின் கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.