மாடிக்கு வைஃபை கொடுத்தேன். வாசலுக்குப் போலீஸ் வந்தது

கேள்வி: வக்கீல் ஐயா, நான் என்.எல்.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 63. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருவதிகையில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். மாடியை இரண்டு பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இருவரும் நெய்வேலிக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் ஃபைபர் நெட் என் பெயரில் இருக்கிறது. பையன்கள் கேட்டதால் பாஸ்வேர்டைக் கொடுத்தேன், மாதம் இருநூறு ரூபாய் தருகிறார்கள். பாஸ்வேர்டு என் செல் நம்பர்தான். போன வாரம் சைபர் கிரைம் போலீஸ்காரர் ஒருவர் நேரில் வந்து நோட்டீஸ் கொடுத்தார். யாரோ ஒரு பெண்ணின் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் கேட்டிருக்கிறார்களாம், அது என் இணைப்பிலிருந்து நடந்ததாம். நோட்டீஸில் 94, 179 என்று பிரிவுகள் இருக்கின்றன. பையன்கள் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். ரவுட்டரை ரீசெட் செய்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்று தெரிந்தவர் சொல்கிறார். நான் குற்றவாளியா? என்ன செய்ய வேண்டும்? என்ன ரவுட்டர் வாங்குவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவதிகை

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரை ரீசெட் செய்யாதீர்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். உங்களைக் காப்பாற்றக்கூடிய சாட்சி அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம். அதோடு, விசாரணை நடப்பது தெரிந்த பிறகு மின்னணுப் பதிவை அழிப்பது, அதை ஆதாரமாகக் காட்ட முடியாமல் செய்யும் நோக்கத்தோடு என்றால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். செய்யாத குற்றத்துக்குப் பயந்து செய்த குற்றமாக அது முடிந்துவிடும். தெரிந்தவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி நோட்டீஸுக்கு வருவோம். குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 94 என்பது ஆவணங்களையோ கருவிகளையோ கொண்டுவந்து காட்டச் சொல்வது. 179 என்பது வழக்கின் விவரம் தெரிந்தவர் என்று கருதி, சாட்சியாக விசாரணைக்கு அழைப்பது. குற்றம் செய்தவர் என்று சந்தேகித்திருந்தால் 35(3)-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கும். ஆக, இன்றைய தேதியில் நீங்கள் சாட்சி மட்டுமே.

சாட்சிக்கு, அதிலும் உங்கள் வயதுக்காரருக்கு, சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. அறுபது வயதைத் தாண்டிய ஆணை, சாட்சி விசாரணைக்காக அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பெண்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், கடும் நோயில் இருப்பவர்களுக்கும் இதே விதி. நீங்கள் விரும்பினால் கடலூரில் உள்ள காவல் நிலையத்துக்கே போகலாம். முடியாது என்றால், வயதைக் குறிப்பிட்டு, வீட்டிலேயே விசாரிக்கும்படி பணிவாக ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதிலே சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நோட்டீஸ் உங்களிடம் நேரில் தரப்பட்டது. வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். 35, 179 ஆகிய பிரிவுகளின் நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பக் கூடாது, சட்டம் சொல்லும் முறையில்தான் தர வேண்டும் என்று சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. வீடியோ காலில் போலீஸ் உடையில் தோன்றி, "உங்கள் இணைப்பில் குற்றம் நடந்திருக்கிறது, பணம் கட்டுங்கள்" என்று யாராவது மிரட்டினால் அது மோசடி. உடனே 1930-க்கு அழையுங்கள். உங்கள் நோட்டீஸிலும் குற்ற எண், அதிகாரியின் பெயர், கையெழுத்து எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நிலையத்தைத் தொடர்புகொண்டு ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் குற்றவாளியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வைஃபை யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதில் நடக்கும் குற்றத்துக்கெல்லாம் பொறுப்பு என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. நோட்டீஸில் சொல்லியிருக்கும் புகார் பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் வரும். முதலாவது அடுத்தவரின் அடையாளத்தைத் திருடுவது, இரண்டாவது கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. இரண்டுக்கும் ஏமாற்றும் எண்ணம் வேண்டும். அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தது என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

"உன் வீட்டு இணைப்பு, நீதான் விளக்கம் சொல்ல வேண்டும்" என்று விசாரணையில் கேட்கலாம். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. பழைய சட்டத்தில் 106, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமில் 109. ஆனால் குற்றத்தை நிரூபிக்கும் சுமையை அரசுத் தரப்பின் தோளிலிருந்து இறக்கிக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைப்பதற்கு அந்தப் பிரிவு வரவில்லை என்று சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் 1956-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் ரவுட்டரை யார் பயன்படுத்தினார் என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயமும் அல்ல. பாஸ்வேர்டு மாடியில் இருக்கிறது. செல் நம்பரே பாஸ்வேர்டு என்பதால், தெருவில் உங்கள் நம்பர் தெரிந்த எவரும் அதை ஊகித்துவிடலாம்.

இதே நிலைமையில் ஒருவர் இந்தியா முழுவதும் அறியப்பட்டார். 2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. இணைய இணைப்பின் எண்ணான ஐ.பி. முகவரியைப் பின்தொடர்ந்த போலீஸ் போய் நின்றது நவி மும்பையில், சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில். அவரது வைஃபை பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. கணினிகளை எடுத்துப் போனார்கள், பல முறை விசாரித்தார்கள். கடைசியில் அவர் அதை அனுப்பவில்லை, அவரது இணைப்பை வேறு ஆட்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13-இல் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகத்தான் போயிருந்தது. இதற்குப் பிறகே 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்பை யார் பயன்படுத்துகிறார் என்பது உறுதி செய்யப்பட வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அந்த அமெரிக்கர் மீது குற்றம் நிற்கவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் பெயர் நாடெங்கும் செய்தியில் அடிபட்டபின் அவர் நிரபராதி என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் விஷயத்தில் சந்தேகத்தில் கழியும் நாட்களைக் குறைப்பதுதான் நம் வேலை.

ஐ.பி. முகவரி என்ற ஆதாரத்தின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதனால் முகவரி மட்டும் போதாது. எந்த வாடிக்கையாளர் என்று பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும், நொடி வரைக்குமான நேரமும் சேர்ந்தால்தான் அது உங்கள் வீட்டைக் காட்டும். சமூக ஊடக நிறுவனங்கள் தரும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. அந்தக் கணக்கில் பிசகு வந்தால் கடலூர் மாவட்டத்தில் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டிய நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். விசாரணையில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: எந்தத் தேதி, எத்தனை மணி, இந்திய நேரமா, போர்ட் எண் உண்டா? அந்த நேரத்தில் நீங்கள் கண்ணுக்கு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாலும், பண்ருட்டிச் சந்தையில் இருந்தாலும் ரசீது, பேருந்துச் சீட்டு எதுவானாலும் எடுத்து வையுங்கள். எந்த முகவரியை எந்த வாடிக்கையாளர் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவுகளை இணைய நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. எனவே கேட்டால் கிடைக்கும். அந்தப் பதிவு நீதிமன்றத்தில் ஏற வேண்டுமானால் சாக்ஷிய அதிநியமின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் 2020-இல் பழைய 65பி சான்றிதழைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இன்றே ரவுட்டரின் அட்மின் பக்கத்துக்குள் போங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைகள் யாரையாவது வரச்சொல்லுங்கள், கேபிள் ஆபரேட்டரையும் கூப்பிடலாம். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல், லாக் என்ற பகுதி, இரண்டையும் திரையோடு, தேதி நேரம் தெரிய, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பல ரவுட்டர்களில் லாக் மின்சாரம் போனால் அழிந்துவிடும். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். இப்போதுள்ள செல்போன்கள் வைஃபையில் தங்கள் கருவி எண்ணை மாற்றிக் காட்டக்கூடியவை. அதனால் பட்டியலை மட்டும் வைத்து மாடிப் பையன்கள்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். வாக்குமூலத்தில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: பாஸ்வேர்டு யார் யாருக்குக் கொடுத்தேன், எப்போது கொடுத்தேன். ஊகத்தைச் சேர்க்காதீர்கள். போலீஸிடம் தரும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

ரவுட்டரைக் கேட்டால் கொடுங்கள். கைப்பற்றுவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. மகஜரில் கம்பெனி பெயர், மாடல், சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை 35(3)-இல் நோட்டீஸ் வந்தால் உடனே வக்கீல் வையுங்கள். 66சி, 66டி இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. நியாய சன்ஹிதாவில் மோசடிக்கான 318(4)-ஐயும் சேர்த்தால் நிலைமை வேறு, அப்போது முன்ஜாமீன் பற்றி யோசிக்க வேண்டும். செலவுக்கு முடியாதவர்கள் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

புது ரவுட்டரைப் போலீஸ் வேலை முடிந்தபின், அல்லது பழையதைக் கொடுத்துவிட்டபின் வாங்குங்கள். விலை அதிகமானது பாதுகாப்பானது என்று இல்லை. டபிள்யு.பி.ஏ.3 பாதுகாப்பு உள்ளதா, கம்பெனி மென்பொருள் அப்டேட் தொடர்ந்து தருகிறதா, பதிவுகளைச் சேமிக்கிறதா என்று கேளுங்கள். பழைய கருவிகளுக்காக டபிள்யு.பி.ஏ.2 கூடவே இருக்கட்டும். டபிள்யு.இ.பி. என்று இருந்தால் அது பூட்டே இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். வந்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்ததற்குக் காரணம், 'அட்மின்' என்ற ஆரம்பப் பாஸ்வேர்டை வாடிக்கையாளர்கள் மாற்றாமல் விட்டதுதான். பொத்தானை அழுத்தினால் இணைக்கும் டபிள்யு.பி.எஸ்., வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, இரண்டையும் அணைத்துவிடுங்கள். ரவுட்டரின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஓடினால், மேலே சொன்ன ஐந்தரை மணி நேரச் சிக்கல் உங்கள் பக்கத்தில் வராது.

மாடிக்கு கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அதனால் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் கேமராவுக்குள்ளும் மாடிக் கருவிகள் எட்டிப்பார்க்க முடியாது, உண்மை. ஆனால் வெளியே போகும்போது இரண்டும் ஒரே முகவரியில்தான் போகும். போலீஸ் கணக்கில் இரண்டும் நீங்களே. ஆகவே குடியிருப்பவர்கள் தங்கள் பெயரில், தங்கள் அடையாளச் சான்று கொடுத்து, தனி இணைப்பு வாங்கிக்கொள்வதுதான் நான் சொல்லும் வழி. அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

அந்த இருநூறு ரூபாயை இந்த மாதமே நிறுத்துங்கள். வீட்டு இணைப்பை வேறொருவருக்கு விற்பது பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கு விரோதமாக இருக்கும். வாங்கிய பணம் விசாரணையில் தேவையில்லாத கேள்விகளையும் கிளப்பும். நான்கு பேருக்கு இணையம் கொடுத்து வருமானம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம்.-வாணி திட்டம் இருக்கிறது. டீக்கடைகூட உரிமக் கட்டணம் இல்லாமல் அதில் சேரலாம். அங்கே பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவரும் தன் செல் எண்ணில் உறுதி செய்துகொண்டுதான் உள்ளே வருவார்.