நாற்காலியும் நல்லுரையும்
(பணியிட அழுத்தம், பூசல், குழு ஊக்கம் ஆகியன பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

காலை 8 மணியளவில் தாம்பரம் புகைவண்டி நிலையத்தின் நடைமேடையில் நின்று நோக்குவோர்க்கு, உழைப்பே ஓர் ஆறாகப் பெருகி ஓடுவது போன்ற காட்சி புலப்படும். 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது முதல், இத்தென்புறநகர்ப் பகுதி உழைப்போர் உறையும் இடமாக வளர்ந்து வந்துள்ளது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் கூடங்கள் எழுந்தன. தோல் தொழிற்சாலை ஒன்றின் பெயராலேயே குரோம்பேட்டை ஊர்ப்பெயர் பெற்றது. 1984இல் தாம்பரம் சானட்டோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் தோன்றியது. அவற்றோடு பன்னடுக்குத் துணிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நகைக்கடைகளும் இன்று பல்லாயிரவர்க்கு வாழ்வளித்து வருகின்றன.

தொழில்கள் வேறுபடினும், தொழில் செய்யும் மனம் ஒன்றே. அம்மனம் எதனால் சோர்கின்றது? சோர்ந்த மனங்களிடையே பூசல் எவ்வாறு எழுகின்றது? ஒன்றுபட்ட ஊக்கம் எதனால் பிறக்கின்றது? இவ்வினாக்களை நம் பகுதிக் கடைப் பணியாளரின் வாழ்வை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழுத்தத்தின் வேர்

பணியாளர் சோர்ந்துபோனால், 'பொறுமை இல்லை, சுறுசுறுப்பு இல்லை' என்று அவர்மீதே பழி சுமத்துவது உலக வழக்கம். ஆய்வாளர் கருத்தோ வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், பணியால் நேரும் மனச்சோர்வைத் தனியே வரையறுத்துள்ளது. முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியழுத்தமே அதற்குக் காரணம் என்றும், உடலும் உள்ளமும் களைத்தல், பணியின்மீது பற்று நீங்குதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள் என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. அதனை ஒரு நோயாகக் கொள்ளாமல் பணிச்சூழலோடு இயைந்த ஒரு நிலையாகவே அது சுட்டுகின்றது. எனவே மருந்தும் பணியிடத்திலேயே தேடப்படல் வேண்டும்.

துணிக்கடைப் பணியாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை அவர் நின்றுகொண்டே இருக்கின்றார். ஐம்பது புடைவைகளை விரித்துக் காட்டி, ஒன்றும் விற்காதபோதும் முகம் வாடாமல் மடித்து வைக்கின்றார். மாலைக்குள் கால்கள் வீங்குகின்றன. வலியை மறைத்துப் புன்னகைப்பதும் ஓர் உழைப்பே. அதற்குக் கூலிக் கணக்கு இல்லை. அந்நிலையில் உடன் பணிபுரிபவர் சொல்லும் ஒரு சிறு சொல்லும் பெரும்பூசலாக வெடிக்கின்றது. அங்கே மேற்பார்வையாளரின் கண்ணுக்குப் பூசல் தெரிகின்றது, கால்வலி தெரிவதில்லை.

நாற்காலி தந்த சட்டம்

கேரளத்துக் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள், கழிப்பறை வசதி வேண்டிக் குரல் எழுப்பினர். 'பெண்கூட்டு' என்னும் அமைப்பாகத் திரண்ட அவர்கள், பின்னர் அமரும் உரிமையையும் வேண்டினர். அதன் பயனாகக் கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் முன்வடிவு 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கை வசதி இருத்தல் வேண்டும். பணியினிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அவர்கள் அமர இயலவேண்டும் என்பது அதன் சாரம்.

'நாற்காலி தந்தால் சோம்பல் வளரும். வாடிக்கையாளர் வரும்போது அமர்ந்திருப்பது மரியாதைக் குறைவு' என்று வணிகப் பெரியோர் சிலர் கருதலாம். அக்கருத்தை நாம் எளிதில் ஒதுக்குதல் ஆகாது. வாடிக்கையாளரை எழுந்து நின்று வரவேற்பது நம் பண்பாடு. ஆனால் சட்டம் வாடிக்கையாளர் முன்னே அமரச் சொல்லவில்லை. கூட்டம் இல்லாத வேளையில் அமர இடம் கேட்கின்றது. பத்து நிமிடம் அமர்ந்தெழுந்தவரின் வரவேற்பில் உள்ள மலர்ச்சி, எட்டு மணி நேரம் நின்றவரிடம் எங்ஙனம் வரும்?

ஈண்டு வேறொன்றையும் எண்ணுதல் வேண்டும். கடையின் மூலையில் நாற்காலி இருக்கும். அதில் ஒருவரும் அமரமாட்டார். மேற்பார்வையாளரின் பார்வைக்கு அஞ்சி அனைவரும் நின்றே இருப்பர். சட்டம் நாற்காலியைத் தரவல்லது. அமரும் துணிவைத் தரவல்லது அன்று. அத்துணிவு, குறையை அஞ்சாமல் சொல்லலாம் என்னும் நம்பிக்கையிலிருந்தே பிறக்கும். இதுவே நம் கட்டுரையின் மையக்கருத்து.

பூசலும் இணக்கமும்

பூசல் என்பது முற்றிலும் தீயதன்று. அமெரிக்க மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் அம்மையார் (1868–1933), பூசலைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு என்றார். ஒருவர் மற்றவரை அடக்குதல் முதல்வழி. இருவரும் பாதி பாதி விட்டுக்கொடுத்தல் இரண்டாம் வழி. இருவர் தேவையும் நிறைவேறும் புதுவழி காணுதல் மூன்றாவது. நூலகம் ஒன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். அம்மையார் மூட விரும்பினார். அடுத்த அறையின் சன்னலைத் திறந்தபோது, காற்று வேண்டியவர்க்குக் காற்றும் கிடைத்தது. குளிர்காற்று தம்மீது நேரே வீசுவதை வேண்டாத அம்மையாரின் விருப்பமும் நிறைவேறியது.

இதனை நம் சூழலில் பொருத்திப் பார்ப்போம். பணியாளர் இருவர், இரவு 7 மணிக்கே செல்ல அனுமதி கேட்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவரை மட்டுமே அனுப்ப இயலும். 'ஏன்' என்று கேட்டால், ஒருவர்க்கு முடிச்சூர் செல்லும் பேருந்து தவறிவிடும் என்பதும், மற்றவர்க்கு விடுதியில் உணவு நேரம் முடிந்துவிடும் என்பதும் தெரியவரும். விடுதியில் உணவை எடுத்து வைக்கச் சொன்னால் வழக்கு முடிந்தது. கோரிக்கையின் பின்னுள்ள தேவையைக் கேட்டறிதலே தீர்வின் திறவுகோல்.

கேளாதொழிந்தால் விளைவு பெரிது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு இதற்குச் சான்று. அரைமணி நேர உணவு இடைவேளை போதாமை, மேற்பார்வையாளரின் கடுமை போன்ற குறைகளே ஆலைத் தொழிலாளரைத் திரள வைத்தன. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அவர்தம் குரலாயினர். ஒரு நூற்றாண்டு கடந்து, 2024 செப்டம்பர் 9ஆம் நாள் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்திலும், ஊதியத்தோடு தங்கள் சங்கத்திற்கு ஏற்பு வேண்டும் என்பதே முதன்மைக் கோரிக்கையாயிற்று. 37 நாள்களுக்குப் பின், அரசு முன்னின்று நடத்திய பேச்சுவார்த்தையால் அக்டோபர் 15ஆம் நாள் அது முடிவுற்றது. 2025 சனவரியில் சங்கம் பதிவு பெற்றது. இருதரப்பு நியாயங்களை எடைபோடுதல் நம் நோக்கமன்று. ஒரே மேசையில் அமர்ந்து பேசும் வாய்ப்பினையும் மனிதர் ஓர் உரிமையாகவே கருதுகின்றனர் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

குழுவின் ஊக்கம்

சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடைபெற்றன. சிறு மகளிர் குழுவொன்றுக்கு இடையிடையே ஓய்வளித்து, அவர்களிடம் கலந்து பேசிப் பணிமுறைகளை மாற்றியபோது விளைச்சல் உயர்ந்தது. பின்னர் ஆயிரக்கணக்கான தொழிலாளரை நேரில் கண்டு அவர்தம் மனக்குறைகள் கேட்கப்பட்டன. தாம் மதிக்கப்படுகிறோம் என்னும் உணர்வே ஊக்கத்தின் ஊற்று என எல்டன் மேயோ முதலியோர் கருதினர். அம்முடிவுகளைப் பிற்கால அறிஞர் பலர் ஐயுற்றுள்ளனர். ஊதியம் முதலிய காரணங்களும் உண்டு என்றனர். அதுவும் சரியே. பசித்தவனுக்குப் பாராட்டு மட்டும் போதாது. உரிய ஊதியம், ஓய்வு, மதிப்பு மூன்றும் ஒருங்கே வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை அரசனுக்கு வகுத்த அதிகாரங்கள் இன்றைய மேலாளர்க்கும் பொருந்துவன. ஆளறிந்து வினை ஒப்படைக்கத் 'தெரிந்து வினையாடல்', அச்சுறுத்தாது ஆளுதற்கு 'வெருவந்த செய்யாமை', பரிவு காட்டுதற்குக் 'கண்ணோட்டம்' என அவர் முறைப்படுத்தியுள்ளார். இவ்வடிப்படையில், நம் வணிகப் பெரியோர் கைக்கொள்ளத்தக்க சில நடைமுறைகளைக் கூறலாம்:

1. ஓய்வுக்கும் உணவுக்கும் முறைப்பட்டியல் எழுதி, அனைவர் கண்ணிலும் படுமாறு தொங்கவிடுதல்.
2. நாற்காலியில் முதலில் மேற்பார்வையாளரே தம் பணியாளரை அழைத்து அமர்த்துதல்.
3. பாராட்டைப் பலர் முன்னும், குற்றத்தைத் தனியிடத்தும் சொல்லுதல்.
4. வாரம் ஒருமுறை கால்மணி நேரம் குறைகேட்டு, அடுத்த வாரம் அதற்கு விடை கூறுதல். விடை கூறாத குறைகேட்பு, கேளாமையினும் கொடிது.
5. குறை சொன்னவர்மீது சினம் கொள்ளாமை.

முடிவுரை

நம் மாணவச் செல்வங்கள் நாளை பணியாளராகவும், மேலாளராகவும், முதலாளியாகவும் ஆகவிருப்பவர்கள். இன்றே மாலை வேளையில் கடைகளில் நின்று உழைத்துக் கல்விக் கட்டணம் செலுத்துவோரும் உளர். நின்ற காலின் வலியை அவர்கள் அறிவர். நாளை தமக்கெனக் கடை ஒன்று வாய்க்கும்போது, அவ்வலியை மறவாதிருப்பார்களாயின், அதனினும் சிறந்த மேலாண்மைக் கல்வி பிறிதொன்றில்லை.

நாற்காலி அளிப்பது சட்டத்தின் கடமை. அதில் அஞ்சாது அமரச் செய்யும் நல்லுரை அளிப்பது நம் கடமை. இரண்டும் கூடிய இடத்தில் அழுத்தம் தணியும். பூசல் பேச்சாக மாறும். தனித்தனிப் பணியாளர் ஒரு குழுவாவர். அத்தகைய பணியிடங்கள் நம் புறநகரெங்கும் பெருகுக!