இருட்டுக் காம்பராவுக்கு ஒரு துண்டு அலுமினியம்

பகல் 11 மணி. வெளியில் கண் கூசுகிற வெயில். அதே நேரத்தில் லயத்துக் காம்பராவுக்குள்ளே மின்குமிழ் எரிகிறது. கரண்ட் இல்லாத நாளென்றால் குப்பி லாம்பு எரிகிறது. இது நமக்குப் பழகிப்போன காரியம். அதனால்தானோ என்னவோ, கூரை ஒழுகுவதைச் சொல்லுகிற நாம், தண்ணீர் வராததைச் சொல்லுகிற நாம், பகலில் இருட்டாயிருப்பதை ஒரு குறையாகச் சொல்லுவதில்லை.

ஆனால் கணக்குப் பார்த்தால் இது சின்னக் குறை இல்லை. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். குப்பி லாம்பு சரிந்து தீப்பிடித்து எத்தனை பிள்ளைகள் வெந்து போயிருக்கிறார்கள் என்பது ஆஸ்பத்திரி டாக்டர்மாருக்குத் தெரியும். அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள், கட்டையான, பாரமான, உருளாத பாதுகாப்பு லாம்பு ஒன்றை அமைத்தார். 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. லாம்பு பாதுகாப்பாக இருப்பது நல்லதுதான். பகல் நேரத்தில் லாம்பே வேண்டாம் என்றால் அதைவிட நல்லது அல்லவா?

முதலில் காம்பரா ஏன் இருட்டாகிறது என்று பார்ப்போம். பழைய லயங்களில் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். பின்பக்கம் யன்னல் வைக்க இடமே இல்லை. வெளிச்சம் வருவது முன்பக்கத்தால் மட்டும். அந்த முன்பக்கத்திலும் இஸ்தோப்பு இருக்கிறது. குடும்பம் பெருகியதும் இஸ்தோப்பைப் பலகை அடித்து மறைத்துக் குசினியாக்கினோம். வேறு வழி இருக்கவில்லை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு உள்ளறைக்கு வந்த கொஞ்ச வெளிச்சமும் போனது. மிச்சத்தை அடுப்புப் புகை பார்த்துக்கொண்டது. கரி படிந்த சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரோ நூற்றில் 80 பங்கு வரை திருப்பிக் கொடுக்கும்.

வெளிச்சத்தை அளக்க லக்ஸ் என்று ஓர் அளவு உண்டு. உச்சி வெயிலில் வெளியே 1,00,000 லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடிய பகலிலும் சாதாரணமாக 10,000 லக்ஸ் இருக்கும். புத்தகம் படிக்க 300 லக்ஸ் போதும். பாருங்கள், வாசலில் வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு கையளவு உள்ளே போனால் பிள்ளை பாடம் படித்துவிடும். குறை வெயிலில் இல்லை, அது போய் விழுகிற இடத்தில்தான்.

இங்கேதான் அலுமினியம் உதவுகிறது. பிள்ளைகள் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து எதிர்ச் சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடுகிறார்களே, அதே சங்கதிதான். எந்தச் சாய்வில் வெளிச்சம் வந்து விழுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் தெறிக்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் ஒளித்தெறிப்பு என்று படிப்பிக்கிறார்கள். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 85 முதல் 90 பங்கு வரை தெறிக்க வைக்கும். கண்ணாடியைப்போல உடையாது, தகரத்தைப்போலத் துருப்பிடிக்காது, பாரமும் இல்லை. நமக்கு இது புதுச் சாமானும் இல்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் போகாமல் ஒட்டியிருந்த வெள்ளித்தாள் வேறென்ன?

வெயிலைத் திருப்பிவிட்ட ஊர் ஒன்றும் இருக்கிறது. நோர்வே நாட்டில் ரியூக்கான் என்று ஒரு தொழிற்சாலை நகரம், ஆழமான பள்ளத்தாக்கில். கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் அது. மலை மறைப்பதால் செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே வெயில் படாது. தொழிலாளர்கள் மேலே போய் வெயில் காயட்டும் என்று 1928 இல் கம்பெனி ஒரு கம்பிவடத் தொட்டில் போட்டுக் கொடுத்தது. 2013 இல் நகரசபை 450 மீற்றர் உயரத்தில் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலை நகரச் சதுக்கத்துக்கே இறக்கியது. நமக்கு வேண்டியது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

ஒரு பலகை போதும். 2 அடிக்கு 3 அடி. அதன்மேல் அலுமினியத் தாளை மினுங்கும் பக்கம் மேலே வரும்படி ஒட்டுங்கள். தாளை முதலில் கையால் லேசாகக் கசக்கி விரித்து ஒட்டுவது நல்லது. வழவழவென்று இருந்தால் வெளிச்சம் ஒரே துண்டாகப் போய் ஒரு இடத்தில் விழும், கண்ணையும் குத்தும். கசங்கியிருந்தால் பரவும். இந்தப் பலகையை இறவாணத்து நிழலுக்கு வெளியே, கான் ஓரத்தில், வெயில் படும் இடத்தில் வையுங்கள். வெளி ஓரத்துக்கு ஒரு கல் கொடுத்து உயர்த்தி, பலகை காம்பராவைப் பார்த்துச் சரிந்திருக்கும்படி செய்யுங்கள். வெளிச்சம் யன்னலின் அல்லது கதவின் மேல்பாதியால் நுழைந்து உள்ளே கூரையில் விழ வேண்டும். ஆளின் முகத்தில் விழக்கூடாது. பலகையை ஒரு பங்கு சரித்தால் தெறிக்கும் வெளிச்சம் இரண்டு பங்கு சரியும். ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். ஒருவர் வெளியில் பிடிக்க, ஒருவர் உள்ளேயிருந்து "இன்னும் தூக்கு, போதும் போதும்" என்று சொன்னால் ஐந்து நிமிஷ வேலை.

"இத்தனூண்டு பலகையால என்ன வந்துவிடப் போகுது?" என்று கேட்பீர்கள். நல்ல வெயிலில் இந்தப் பலகை திருப்பும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலும், பழைய 60 வாட் குமிழ் ஐந்து எரிந்ததற்குச் சமம்.

நமது மலைநாடு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் நடுப்பகல் சூரியன் எப்போதும் தலைக்குமேல் உயரத்திலேயே நிற்கிறது. யன்னல் வழியாக நேரே உள்ளே வராமல் வாசலில் வெயில் விழுவது இதனால்தான். ஏப்ரல், செப்டெம்பர் முற்பகுதிகளில் உச்சிக்கு நேரே. ஜூனில் 16 பாகை வடக்கே. டிசெம்பரில் 30 பாகை தெற்கே. ஆகவே வடக்கு நோக்கிய காம்பராக்காரர் டிசெம்பரில் பலகையை இன்னும் தள்ளி வைத்து, இன்னும் அதிகமாகச் சரிக்க வேண்டியிருக்கும். முதுகுப் பக்கத்து வீட்டாருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

உள்ளே போன வெளிச்சத்தை ஏந்திக்கொள்ள அங்கே வெள்ளை இருக்க வேண்டும். கரிபிடித்த தகரத்தில் அலுமினியம் எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் வீண். துவைத்த வெள்ளை மாச் சாக்குகளைத் தைத்துக் கூரைக்குக் கீழே இழுத்துக் கட்டலாம், ஆனால் அடுப்புக்கு மேலே மட்டும் கட்ட வேண்டாம். சுவரின் மேல்பாதிக்காவது சுண்ணாம்பு அடியுங்கள். உண்மையைச் சொன்னால், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பனி மூடிக் கிடக்கும் நாட்களில் பலகையைவிட இந்தச் சுண்ணாம்புதான் கூட வேலை செய்யும். அலுமினியம் வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதைத் திருப்பத்தான் செய்யும்.

கூரையிலேயே ஒளிபுகும் தகடு போட்டு, அங்கிருந்து அலுமினியம் ஒட்டிய ஒரு பெட்டி வழியாக வெளிச்சத்தைக் கீழே இறக்குகிற முறையும் உண்டு. பட்டணத்துக் கட்டடங்களில் இதைக் குழாயாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு முறை பட்டுத் தெறிக்கும்போதும் கொஞ்சம் குறையும்: நூற்றுக்கு 85 வீதம் தெறிக்கும் தாளென்றால் ஐந்து தெறிப்பில் 44 தான் மிஞ்சும். விலை கூடிய குழாய்களுக்குள் 98 வீதம் தெறிக்கும் தகடு போடுவதால் 90 மிஞ்சுகிறது. நாம் சாதாரணத் தாளில் செய்வதென்றால் பெட்டி அகலமாகவும் கட்டையாகவும் இருக்க வேண்டும். பிள்ளை மடுவத்துக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் கூரையில் கைவைக்கும் முன் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தலைவர் மூலமாக ஒரு கடிதம் கொடுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையை நீங்களாக அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. வாசலில் பலகை வைப்பதற்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அலுமினியத்தில் மின்சாரம் பாயும். லயங்களில் வயர் இழுத்திருக்கும் அழகு நமக்குத் தெரியும். வயர் போகும் சுவரில், சுவிட்ச், பிளக் பக்கத்தில் அலுமினியத் தாள் ஒட்டவே கூடாது. மற்றது, பலகை தட்டையாக இருக்கட்டும். சட்டிபோல் குழிந்த தகடு வெயிலை ஒரே இடத்தில் குவிக்கும், அந்த இடத்தில் துணியோ சருகோ இருந்தால் பற்றிக்கொள்ளலாம். எதிர் லயத்து ஆட்களின் கண்ணில் வெளிச்சம் அடிக்கிறதா என்றும் ஒருமுறை போய்ப் பாருங்கள்; பிறகு சண்டை வேண்டாம்.

தாளுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. சமையலுக்கு விற்கும் அலுமினியத் தாள் ஒரு சுருளில் பல பலகைக்குக் காணும். பால்மா பக்கெட்டின் வெள்ளி உட்பக்கமும் ஆரம்பத்துக்குப் போதும். அச்சகங்களில் பாவித்துக் கழித்த அலுமினியத் தகடு பழைய சாமானாகக் கிடைத்தால் விட வேண்டாம், மழைக்கும் காற்றுக்கும் அதுதான் நிற்கும். மையில்லாத பக்கத்தை மேலே வையுங்கள். ஈரச் சுண்ணாம்பிலோ ஈரச் சீமெந்திலோ அலுமினியத்தை ஒட்டினால் அரித்துப் போகும். சுவர் நன்றாகக் காயட்டும்.

கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பானை விளக்குகிற மாதிரி சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கீறல் விழுந்தால் பிறகு மினுங்காது.