மொட்டுக் காளான் அறைக்கு ஏசி போடும் முன்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மொட்டுக் காளான் பண்ணை தொடங்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "ஐயா, எத்தனை டன் ஏசி போடணும்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு விடை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் ஊருக்கு ஏசி தேவைப்படாத காளானும் உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே-2 பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் செழித்து வளரும். நமது சமவெளிக்கே ஏற்ற பயிர் அது. சிப்பிக் காளானுக்கு ஈரச் சாக்கும் கூரை நிழலும் பெரும்பாலும் போதும். மொட்டுக் காளான் அப்படியில்லை. இழை ஓடும் காலத்தில் 23 - 25 டிகிரி, காளான் எழும் காலத்தில் 16 - 18 டிகிரி, 85 - 90 சதவீத ஈரப்பதம் என்று கறாராகக் கேட்கும். ஊட்டி, குன்னூரில் குளிர்காலம் இதில் பாதியைத் தானே தந்துவிடும். பொள்ளாச்சியிலோ காங்கேயத்திலோ முழுவதையும் நாம் மின்சாரத்தால் வாங்க வேண்டும். முதல் வருடம் பால் காளான் போட்டு, கிருமி சுத்தத்தையும் சந்தையையும் பழகிக்கொண்டு, பிறகு மொட்டுக் காளானுக்கு வாருங்கள். கடன் வாங்கித் தொடங்குகிறவர்களுக்கு இதை நான் கெஞ்சியே சொல்வேன்.

2. இயந்திரத்துக்கு முன் சுவர். ஒரு டன் குளிர்ச்சி என்பது மணிக்கு 12,000 பிடியு. கிலோவாட் கணக்கில் மூன்றரை. சுவரும் கூரையும் சேர்ந்து 200 சதுர மீட்டர் உள்ள அறை என்று வையுங்கள். வெளியே 37, உள்ளே 17 டிகிரி. 80 மில்லிமீட்டர் பஃப் பேனல் போட்டால் சுவர் வழியாக வரும் சூடு 1.2 கிலோவாட்டுக்குள் அடங்கும். டன்னில் மூன்றில் ஒரு பங்கு. அதே பரப்பு வெறும் ஒன்பது அங்குலச் செங்கலாக இருந்தால் 8 கிலோவாட், இரண்டு டன்னுக்கு மேல். கூரையில் நேர் வெயில் பட்டால் இன்னும் ஏறும். பேனலில் மிச்சம் பிடித்த காசு மாதாமாதம் மின் கட்டணமாகப் போய்விடும். தெர்மோகோல் ஒட்டுகிறவர்கள் ஈரத்தடுப்புத் தாளைச் சூடான பக்கம், அதாவது வெளிப்பக்கம், போட வேண்டும். மாற்றிப் போட்டால் வெளிக்காற்றின் ஈரம் தெர்மோகோலுக்குள் புகுந்து தண்ணீராகத் தங்கும். ஊறிய தெர்மோகோல் சூட்டைத் தடுக்காது.

3. கம்போஸ்ட் உயிருள்ளது, அது சூடு விடும். வித்து விட்டபின் இழை பரவும்போதும், மேல்மண் போட்ட பிறகும் அந்தச் சூடு உச்சத்தில் இருக்கும். பைக்குள் இருக்கும் வெப்பம் அறையின் வெப்பத்தைவிடச் சில டிகிரி கூடுதலாகவே காட்டும். ஆகவே சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். நடு அடுக்கில் இரண்டு மூன்று பைகளுக்குள் சென்சார் சொருகுங்கள். பைக்குள் 30 டிகிரியைத் தாண்டினால் இழை கெடத் தொடங்கிவிடும். ஏசியின் அளவை இந்த உச்ச நாட்களுக்குப் போட வேண்டும். சராசரிக்குப் போட்டால் மிக முக்கியமான வாரத்தில் கைவிடும்.

4. எல்லோரும் மறக்கும் சுமை புதுக்காற்று. இழை ஓடும்போது கரியமில வாயு கூடுதலாக இருக்கலாம், நல்லதும்கூட. மொட்டு வைக்கும் நேரத்தில் அது 1,000 பிபிஎம் அளவுக்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். சந்தையில் விலை இருக்காது. அதற்கு வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். வெளியே 35 டிகிரி, பாதி ஈரப்பதம் என்ற நாளில் மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை 17 டிகிரிக்குக் கொண்டுவர மட்டுமே மூன்று டன்னுக்கு மேல் ஆகும். மேலே சொன்ன பேனல் சுவரின் சுமையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். புதுக்காற்றைக் கணக்கில் சேர்க்காமல் யாராவது விலைப்பட்டியல் தந்தால், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. இனிமேல் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். குளிர வைப்பது எளிது. குளிரவைத்துக்கொண்டே ஈரத்தைக் காப்பதுதான் கஷ்டம். 17 டிகிரியில் 88 சதவீத ஈரம் உள்ள காற்று, 15 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே தண்ணீராக வடியத் தொடங்கும். கூலிங் காயில் 5 டிகிரியில் இருந்தால் அறையின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சி வடிகுழாயில் ஊற்றிவிடும். மேல்மண் காயும், மொட்டு கருகும். பிறகு ஃபாகர் வைத்து ஈரம் ஏற்றுவோம், காயில் அதையும் பிடுங்கும். இரண்டுக்கும் நாமே கரண்ட் கட்டுவோம். இதற்கு வழி பெரிய காயில். வரிசைகள் கூடுதலாக, பரப்பு கூடுதலாக இருந்தால் காயில் அவ்வளவு குளிர வேண்டியதில்லை. காற்று மெதுவாகக் கடந்து, ஈரத்தைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொண்டு குளிரும்.

ஈரம் கூடினாலும் ஆபத்துதான். தண்ணீர் தெளித்த பிறகு காளான் மேல்பரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் உலர வேண்டும். அப்படியே நனைந்து கிடந்தால் பாக்டீரியா பழுப்புப் புள்ளி விழும். தெளித்த உடனே காற்றோட்டத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

6. வீட்டு ஸ்ப்ளிட் ஏசியை நாலைந்து மாட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது மனிதர் உட்காரும் 24, 25 டிகிரி அறைக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலும் 16க்குக் கீழே வைக்கவே விடாது. 17 டிகிரியில் நாள் முழுக்க ஓடினால் காயிலில் பனி பிடித்துக் காற்று அடைபடும். புதுக்காற்று எடுக்க வழி கிடையாது, ஈரத்தின் மேல் கட்டுப்பாடும் கிடையாது.

7. சென்ட்ரல் ஏசி போடும்போது குளிர்ந்த தண்ணீரை எல்லா அறைக்கும் பொதுவாக்குங்கள், காற்றை ஒருபோதும் பொதுவாக்காதீர்கள். ஒரு அறையில் இழை ஓடும், அடுத்ததில் அறுவடை நடக்கும், மூன்றாவதில் நோய் வந்திருக்கும். ஒரே டக்ட் எல்லா அறைக்கும் போனால் ஈயும் பூசண வித்தும் அதே வழியில் ஊர் சுற்றும். வெளியே ஒரு சில்லர். அறைக்கு ஒரு ஏஎச்யு, அதாவது காற்றைப் பதப்படுத்தி ஊதும் யூனிட். ஒவ்வொன்றிலும் வெளிக்காற்றையும் உள்காற்றையும் கலக்கும் பெட்டி, டேம்பர், ஃபில்டர், காயில், ஈரமூட்டி, ஊதுவிசிறி. காயிலுக்கு வரும் தண்ணீரைக் கூட்டிக் குறைக்க மூன்றுவழி வால்வு இருந்தால், முன்னே சொன்ன ஈரப் பிரச்சினைக்கும் அதுவே கைகொடுக்கும். ஓரிரு அறைதான் என்றால் சில்லர் செலவு தாங்காது. அப்போது நேரடி கேஸ் காயில் போடலாம்; காயில் பெரிதாக, கம்ப்ரசர் இரண்டாகப் பிரிந்து இருக்கட்டும்.

8. அறைக்குள் காற்றைப் பரப்ப, கூரை நடுவில் நீளமாகத் தொங்கும் பாலித்தீன் டக்ட் போதும். தகர டக்ட் வேண்டாம், துரு பிடிக்கும். சீரான இடைவெளியில் கீழ்நோக்கி ஓட்டைகள் போட்டு, கடைசி முனையைக் கட்டிவிடுங்கள். பிறகு ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். புகை மெல்ல நகர வேண்டும். வேகமாக அடித்துக்கொண்டு போனால் அங்கே மேல்மண் காயும். அசையாமல் நின்றால் அங்கே கரியமில வாயு தேங்கும். அறையின் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். கதவு திறக்கும்போது ஈ உள்ளே வராமல் காற்று வெளியே தள்ளும்.

9. சின்ன வேலைகள்தான் பெரிய சண்டைகளை உண்டாக்கும். ஏஎச்யு வடிகுழாயில் ஆழமான வளைவு விடச் சொல்லுங்கள். உள்ளே உறிஞ்சல் அழுத்தம் இருப்பதால், வளைவு ஆழமில்லாவிட்டால் தண்ணீர் வடியாமல் தட்டில் நின்று நாறும். செம்புக் குழாய் ஒட்டும்போது நைட்ரஜன் ஓட விட்டு ஒட்டுகிறாரா, கேஸ் விடும் முன் அழுத்தச் சோதனையும் வேக்கமும் முறையாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்கானிக் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே பார்க்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

10. 90 சதவீதத்தை ஒட்டிய ஈரத்தில் மலிவு டிஜிட்டல் மீட்டர்கள் பொய் சொல்லும். இரண்டு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றின் நுனியில் ஈரத்துணித் திரி கட்டி, காற்றோட்டத்தில் வையுங்கள். 17 டிகிரி அறையில் இரண்டுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் என்றால் ஈரம் சுமார் 90. இரண்டு டிகிரி வந்துவிட்டால் 80க்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

11. பயிர் முடிந்தபின் அறையை நீராவியால் 70 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கிருமி கொல்வார்கள். நேரடி கேஸ் காயில் உள்ளே இருந்தால், அதற்கு முன் கேஸை வெளி யூனிட்டுக்குப் பம்ப் டவுன் செய்தே ஆக வேண்டும். காயிலுக்குள் அடைபட்ட கேஸ் அந்தச் சூட்டில் வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். புதிதாக வேலைக்கு வரும் ஆளுக்கும் புரிகிற தமிழில் எழுதுங்கள்.

12. இப்போது டன் கணக்குக்கு வரலாம். சுவர், கம்போஸ்ட், புதுக்காற்று, விசிறி மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் கூட்டி, ஏப்ரல் மாத மதியத்துக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வரும் எண்ணை ஒரே இயந்திரமாக வாங்காமல் இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது கம்போஸ்ட் கருகாமல் காக்கும். ஜெனரேட்டர் அளவு, கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு ஏற்றபடி இருக்கட்டும். பிறகு ஒரு பைகூட வைக்காமல் வெறும் அறையை ஒரு வாரம் ஓட்டுங்கள், அதுவும் கோடையில். இரவு பகல் வெப்பமும் ஈரமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு திருப்தியாக இருந்தால் மட்டும் கம்போஸ்ட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.