காகிதத்தில் ஒரு துருப்பிடித்த தலைக்கவசம்

ஆண்டு விழா நாடகத்தில் மாயலோகப் போர்வீரன் வந்தால், தலையில் பளபளன்னு ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டைதான் இருக்கும். கடைசி வரிசைக்கும் அது அட்டைன்னு தெரிஞ்சிடும். நூறு போர் பார்த்த இரும்பு மாதிரி வேணுமா? வாங்க, செய்வோம்.

தேவையானவை: சார்ட் அட்டை, செய்தித்தாள், மைதாப் பசை, ஃபெவிகால், கடலைப்பருப்பு, கறுப்பு போஸ்டர் கலர், சில்வர் பெயிண்ட், காவிப்பொடி, காய்ந்த டீத்தூள்.

1. வடிவம்: தலைச் சுற்றளவை நூலால் அளங்க. 56 செ.மீ. என்றால், உள்ளே துணி வைக்க 4 கூட்டி 60. அந்த அளவில் ஒரு வளையம். 60-ஐ 6-ஆல் வகுத்தால் 10, 4-ஆல் வகுத்தால் 15. எனவே அடி 10, உயரம் 15 செ.மீ. உள்ள 6 இதழ்கள் வெட்டி வளையத்தின் மேல் ஒட்டுங்க. இதழின் பாதி உயரத்தில் அகலம் 7 செ.மீ. இருக்கணும். நேர்கோட்டு முக்கோணமாக வெட்டினால் கூம்புத் தொப்பிதான் வரும்! பிறகு கன்னத்தகடு, தாளைச் சுருட்டிய கொம்பு. கண்ணும் வாயும் திறந்தே இருக்கட்டும். மேடைப் படி தெரியணும், வசனம் கேட்கணும்.

2. உறுதி: செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் 4 அடுக்கு ஒட்டுங்க. ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது, இல்லாவிட்டால் கோணிப்போகும். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். இதில் வேண்டாம். அது விஷம், இது முகத்தில் படும் பொருள். கடலைப்பருப்பின் தட்டைப் பக்கத்தை ஒட்டினால் ஆணித்தலை தயார்.

3. பழசாக்குதல்: முதலில் முழுக்கக் கறுப்பு. காய்ந்ததும், துணியில் சில்வரைத் தொட்டு, பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேயுங்க. இதைத் திறந்த வெளியில் செய்யுங்க. இப்போ துரு. கண்ட இடத்தில் பூசக்கூடாது! இரும்பு துருப்பிடிக்க நீர், காற்று இரண்டும் வேணும்னு அறிவியலில் படிச்சோமே? மழைநீர் எங்கே தங்கும்? ஆணியின் அடியில், இணைப்பில், கீழ் விளிம்பில். அங்கே மட்டும் ஃபெவிகால் தடவி, டீத்தூளும் காவிப்பொடியும் தூவுங்க. ஆணிக்குக் கீழே காவி நீரை ஒழுக விடுங்க. கை அடிக்கடி படும் விளிம்பு பளபளப்பாகவே இருக்கட்டும்.

தெரியுமா? வைக்கிங் வீரர்கள் கொம்பு வைத்த கவசம் அணிந்ததற்குச் சான்றே இல்லை. 1876-இல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை அமைத்த டோப்ளர் வைத்த கொம்புதான் உலகெங்கும் பரவியது.

ஆகவே கொம்பு கற்பனையாக இருக்கலாம். துரு மட்டும் உண்மையாக இருக்கணும்!